சோலார் வாட்டர் ஹீட்டர்: வெந்நீர் வராத காலையில் எங்கிருந்து தேடுவது?

மார்கழி பிறந்துவிட்டால் காலை ஆறு மணிக்கே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "அண்ணா, சோலார்ல தண்ணி சுடவே இல்லைங்க. பேனல் போயிருச்சுங்களா?" கோயம்புத்தூரிலும் சுற்று வட்டாரத்திலும் சோலார் வாட்டர் ஹீட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் வேலை. இப்படிக் கூப்பிட்ட வீடுகளில் மொட்டை மாடி ஏறிப் பார்த்தால், பெரும்பாலும் பேனல் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் வருகிற வழியிலோ போகிற வழியிலோதான் கோளாறு இருக்கும். இது தெரியாமல் பேனலையே மாற்றிப் பணத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்களே எதைப் பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்று அறிகுறி வாரியாக எழுதுகிறேன்.

இங்கே சொல்வதெல்லாம் வீடுகளில் அதிகம் இருக்கும் வகைக்கு. மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே வெந்நீர் டேங்க், அதற்கும் கீழே கண்ணாடிக் குழாய்கள் அல்லது செம்புக் குழாய் ஓடும் தட்டைப் பேனல். பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் லேசாகி மேலே ஏறும், குளிர்ந்தது கீழே இறங்கும். இந்தச் சுழற்சியில்தான் டேங்க் முழுவதும் சூடாகிறது. அழுத்தத்தில் இயங்கும் வகை வேறு. அதில் சேஃப்டி வால்வு இருக்கும், அதை நிறுவியவரே பார்க்கட்டும்.

மாடி ஏறும் முன் மூன்று விஷயங்கள். டேங்கில் தண்ணீரைச் சூடாக்கும் மின்சாரக் காயில் இருந்தால், மின்பெட்டியில் அதற்குரிய சுவிட்சான எம்.சி.பி.யை அணைத்துவிடுங்கள். டேங்கைக் காலி செய்வது, நிரப்புவது, குழாயைக் கழற்றுவது எல்லாம் விடிவதற்கு முன்போ, பொழுது சாய்ந்து பேனல் ஆறிய பிறகோதான். நல்ல வெயிலில் டேங்குக்குள் 80 டிகிரிக்கு மேல் போகும், எனவே வால்வுகளைத் துணி சுற்றித்தான் தொட வேண்டும்.

காலையில் தண்ணீர் சுடவே இல்லை

முதலில் இரண்டு கேள்வி. நேற்று வெயில் அடித்ததா? நேற்று இரவு எத்தனை பேர் குளித்தார்கள்? 200 லிட்டர் டேங்கில் இரவு நான்கு பேர் ஷவரில் குளித்துவிட்டால், காலையில் மிஞ்சுவது பச்சைத் தண்ணீர்தான். எடுக்க எடுக்க அதே அளவு குளிர்ந்த தண்ணீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும், மறுநாள் வெயில் வந்தால்தான் அது சுடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இரண்டு நாள் சூரியனே தெரியாவிட்டாலும் இப்படித்தான். இதெல்லாம் பழுது கிடையாது.

குழாயைத் திறந்ததும் முதலில் வரும் குளிர்ந்த தண்ணீரும் பழுதில்லை. மாடியிலிருந்து குளியலறை வரை முக்கால் அங்குலக் குழாய் 20 மீட்டர் ஓடினால், அதற்குள் மட்டும் சுமார் 5 லிட்டர் நிற்கும். அது இரவெல்லாம் ஆறிப்போயிருக்கும். அதை ஒரு வாளியில் பிடித்துத் துணி அலச வைத்துக்கொள்ளுங்கள்.

வெயிலும் அடித்தது, வெந்நீரும் செலவாகவில்லை, ஆனாலும் சுடவில்லை என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். எந்தக் கருவியும் வேண்டாம். யாரும் வெந்நீர் எடுக்காத ஒரு நாளில் மாலை நான்கு மணிக்கு மாடிக்குப் போய், வெந்நீர் டேங்கிலிருந்து வெளியே வரும் குழாயைத் துணியோடு தொட்டுப் பாருங்கள். குழாய் மேல் சூடு போகாமல் காக்கும் உறை (இன்சுலேஷன்) இருந்தால் கொஞ்சம் விலக்கிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஓடாதபோது குழாய் ஆறியிருக்கும் என்பதால், கீழே ஒருவரை வெந்நீர்க் குழாயை அரை நிமிடம் திறக்கச் சொல்லிவிட்டுத் தொடுவது நல்லது.

அங்கே சுட்டால் பேனல் தன் வேலையைச் செய்திருக்கிறது. சூடு ராத்திரியில் எங்கோ போகிறது. அன்று மாலையே வீட்டுக்கு இறங்கும் வெந்நீர் லைனின் வால்வை மாடியிலேயே மூடிவிடுங்கள். ஒரு எச்சரிக்கை: காற்று போய் வருவதற்காக மேல் நோக்கி நிற்கும் ஏர் வென்ட் குழாய், டேங்குக்கும் அந்த வால்வுக்கும் இடையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வால்வை மூடினால் வென்டும் அடைபடுகிற மாதிரி இணைப்பு இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம், அந்த இணைப்பையே மாற்ற வேண்டும். மறுநாள் காலை வால்வைத் திறந்து பாருங்கள். நல்ல வெந்நீர் வந்தால், இத்தனை நாளும் சூடு போனது வீட்டுக்குள் இருக்கும் லைன் வழியாக. அதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். அப்போதும் ஆறிப்போயிருந்தால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து டேங்குக்கு வரும் குழாயைப் பாருங்கள். டேங்கிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளியும் அந்தக் குழாய் வெதுவெதுப்பாக இருந்தால், வெந்நீர் பின்னோக்கிப் போய்த் தொட்டியில் கலக்கிறது. அங்கே உள்ள, தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான் ரிட்டர்ன் வால்வில் உப்பு பிடித்து மூடாமல் நிற்கும், அல்லது வால்வே போட்டிருக்க மாட்டார்கள்.

தட்டைப் பேனல் வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். டேங்கின் அடிப்பாகம் பேனலின் மேல் விளிம்பைவிட ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில் இருக்க வேண்டும். தாழ்ந்திருந்தால் இரவில் சுழற்சி தலைகீழாக ஓடி, பகலில் வாங்கின சூட்டை ராத்திரி வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும்.

மாலை நான்கு மணிக்கே டேங்க் ஆறியிருந்தால்தான் பேனல் பக்கம் போக வேண்டும். அங்கே முதல் சந்தேகம் நிழல். "போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சுங்க" என்பார்கள். போன வருஷம் தெற்கு வீட்டில் மாடி எழும்பியிருக்காது. கோவை 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் பிற்பகுதியில் உச்சி வெயிலிலும் சூரியன் தெற்கே சாய்ந்து 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மே மாதத்தில் எட்டாத நிழல் மார்கழியில் நீண்டு வந்து பேனலை மூடும். காலை ஒன்பது மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் ஏறி நின்று பாருங்கள். தென்னை மட்டை என்றால் வெட்டலாம். சுவர் என்றால் பேனலைத்தான் நகர்த்த வேண்டும். அடுத்தது தூசி. சாலையோர வீடுகளில் ஒரு மாதத்திலேயே கண்ணாடி மங்கிவிடும். விடியற்காலையில் வெறும் தண்ணீரும் துணியும் போதும். சுடுகிற கண்ணாடி மேல் குளிர்ந்த தண்ணீரை வீசாதீர்கள்.

தட்டைப் பேனலில் நண்பகலில் மேல்குழாய் தொட முடியாத சூட்டிலும், அடிக்குழாய் அதைவிட நன்றாகக் குளிர்ந்தும் இருக்க வேண்டும். கண்ணாடி கொதிக்கிறது, மேல்குழாயோ வெதுவெதுப்பு என்றால் சுழற்சி நின்றுவிட்டது. உள்ளே காற்று அடைத்திருக்கும், இல்லை உப்பு அடைத்திருக்கும். பேனலிலிருந்து டேங்குக்குப் போகும் குழாய் வழி நெடுக ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மேடாகி மறுபடி இறங்கினால் அந்த மேட்டில் காற்று குந்திக்கொள்ளும்.

பச்சைத் தண்ணீர்க் குழாயில் சுடுகிறது, வெந்நீர்க் குழாயில் வெதுவெதுப்பு

புது வீடுகளில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். இரண்டு லைனும் எங்கோ ஒன்றாகக் கலக்கின்றன. கலக்கும் இடம், வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் சேர்த்துத் தரும் மிக்சர் குழாய். கையில் பிடித்து அழுத்தும் ஷவரோ, நுனியில் தனி வால்வு உள்ள குழாயோ மாட்டியிருப்பார்கள். நுனியில் மூடிவிட்டு மிக்சரின் இரண்டு பக்கத்தையும் திறந்தபடி விட்டுவிடுவார்கள். ஒரு சொட்டு வெளியே வராது, ஆனால் உள்ளே வெந்நீர் லைனும் பச்சைத் தண்ணீர் லைனும் கைகோத்து நிற்கும். வீட்டில் யார் எந்தக் குழாயைத் திறந்தாலும், ஃப்ளஷ் செய்தாலும்கூட, வெந்நீரும் சேர்ந்து போகும். பச்சைத் தண்ணீர் லைனில் மட்டும் பிரஷர் பம்ப் இருந்தால் இன்னும் மோசம்: பம்ப் ஓடும்போதெல்லாம் குளிர்ந்த தண்ணீர் வெந்நீர் லைன் வழியே மேலேறி டேங்கை நிரப்பும், மாடியில் ஏர் வென்ட் வழியாகக் கொட்டும்.

கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள். வீட்டுக்கு இறங்கும் பச்சைத் தண்ணீர் லைனை மாடியில் மூடுங்கள். ஹீட்டருக்குப் போகும் லைன் திறந்தே இருக்கட்டும். அது தனி லைனாக இருந்தால்தான் இந்தச் சோதனை நடக்கும். கீழே போய், கீழ்த் தளத்தில் பச்சைத் தண்ணீர்க் குழாய் ஒன்றை மட்டும் திறங்கள். குழாயில் நின்ற தண்ணீர் வடிந்து ஓட்டம் நின்றுவிட்டால் கலப்பு இல்லை. நிற்காமல் ஓடி, கொஞ்ச நேரத்தில் கையில் சூடு தட்டினால் கலப்பு உறுதி. அப்புறம் ஒவ்வொரு மிக்சருக்கும் கீழே உள்ள வெந்நீர் ஆங்கிள் வால்வை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வாருங்கள். எதை மூடும்போது ஓட்டம் நிற்கிறதோ, அந்த மிக்சர்தான். சில நேரம் மிக்சரை ஒழுங்காக மூடினாலே தீர்ந்துவிடும், சில நேரம் உள்ளே திறந்து மூடும் பாகமான கார்ட்ரிட்ஜ் தேய்ந்திருக்கும். பிரஷர் பம்ப் உள்ள வீட்டில் ஒவ்வொரு மிக்சருக்கும் வெந்நீர்ப் பக்கம் ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போட்டுவிடுவது என் வழக்கம்.

சில வீடுகளில் சோலார் லைனோடு கீசரையும் சேர்த்திருப்பார்கள். இரண்டு லைனையும் இணைக்கும் பைபாஸ் வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தாலும் இதே கதைதான்.

நூல் மாதிரி வருகிறது, அல்லது துப்பித் துப்பி வருகிறது

மோட்டார் போட மறந்து தொட்டி காலியான மறுநாள் இது வந்தால், குழாயில் காற்று அடைத்திருக்கிறது. கீழ்த் தளத்துக் குழாயை முழுதாகத் திறந்து பத்து நிமிடம் விடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆகாவிட்டால் வெந்நீர் லைன் மாடியில் எங்கே மேடாக வளைகிறது என்று பாருங்கள், அந்த இடத்தில் சிறிய ஏர் வென்ட் ஒன்று வேண்டும். ஒரு குறிப்பிட்ட குளியலறையில் மட்டும் வேகம் குறைந்தால் ஷவர் தட்டையும் குழாய் முனைச் சல்லடையையும் கழற்றுங்கள். வெள்ளைத் துகள்களாகக் கொட்டும்.

மாடியில் ஏர் வென்டிலிருந்து தண்ணீர் வழிகிறது

இந்த ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டேங்கின் தலையிலிருந்து வானத்தைப் பார்த்து நிற்கும் அந்தக் குழாய்தான் உங்கள் டேங்கின் மூச்சுக்குழல். அதை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

கொஞ்சம் ஆவியோ, தண்ணீரோ வருவது இயல்புதான். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறீர்கள், வெயில் கொளுத்துகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குப் போனால், விரிந்து சுமார் 5 லிட்டர் கூடும். அது எங்காவது போக வேண்டுமே! நான் ரிட்டர்ன் வால்வு பின்னால் போக விடாது, எனவே வென்ட் வழியாக வரும். ஆனால் தினமும் ஊற்று மாதிரி கொட்டினால், வென்டின் நுனி மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கிறது. தொட்டி நிரம்பும் மட்டத்துக்கு மேல் ஓர் அடியாவது நிற்கும்படி உயர்த்த வேண்டும். உயரம் சரியாக இருந்தும் கொட்டினால், மேலே சொன்ன பிரஷர் பம்ப் கலப்புதான்.

சிலர் தண்ணீர் வீணாகிறதே என்று வென்ட் நுனியில் ஒரு மூடியைத் திருகிவிடுகிறார்கள். அப்படி மூடிய ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறேன். வெளியே இருந்து பார்த்தால் டேங்க் சாதாரணமாகத்தான் இருந்தது. பக்க மூடியைக் கழற்றி டார்ச் அடித்தால், உள்ளே ஸ்டீல் உருளை காலால் மிதித்த தகர டப்பா போல ஒரு பக்கமாக ஒட்டிப்போயிருந்தது. தையல் ஓரமாகக் கிழிந்து, சூடு காக்கும் நுரையான பஃப் இன்சுலேஷன் முழுக்கத் தண்ணீர் ஊறி, கை வைத்தால் பிழிந்த பஞ்சு மாதிரி சொட்டியது. நடந்தது இதுதான்: ஹீட்டருக்கு வரும் வால்வு மூடியிருக்கும்போது கீழ்த் தளத்தில் யாரோ வெந்நீரைத் திறந்திருக்கிறார்கள். இரண்டு மாடி இறக்கம், 6 மீட்டர் என்றால், அந்தத் தண்ணீர்த் தூண் கீழே இறங்கும்போது ஒரு சதுர மீட்டருக்கு 6 டன் அளவுக்கு உறிஞ்சும். காற்று உள்ளே வர வழியில்லை. மெல்லிய ஸ்டீல் தகடு என்ன செய்யும்? இதற்கு நேர்மாறாக, வெளியே போகும் வழியெல்லாம் அடைபட்டு உள்ளே ஆவி சேர்ந்தால் டேங்க் வெடிக்கவும் செய்யும். பறவை கூடு கட்டாமல், குளவி மண் வைக்காமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வென்டைப் பார்த்துவிடுங்கள். நுனியை வளைத்துக் கீழ் நோக்கி விட்டால் குப்பை விழாது.

கண்ணாடிக் குழாய் உடைந்தது

திடீரென்று மாடியில் வெந்நீர் ஓடினால், முதலில் ஹீட்டருக்கு வரும் வால்வை மூடுங்கள். உடைந்த குழாயின் முன்னால் போய் நிற்காதீர்கள், டேங்கில் உள்ள வெந்நீர் அந்த ஓட்டை வழியாகத்தான் வரும். பிள்ளைகளை மாடிக்கு விடாதீர்கள்.

தேங்காய், பந்து, குரங்கு எல்லாம் காரணம்தான். ஆனால் மனிதர் கையால் நடக்கும் உடைசல்தான் என்னை வருத்தும். ஒரு வீட்டில் தொட்டி கழுவ ஆள் வைத்துக் காலையில் எல்லாத் தண்ணீரையும் இறக்கிவிட்டார்கள். ஹீட்டரையும் காலி செய்தாயிற்று. மதியம் ஒரு மணிக்கு மோட்டார் போட்டு வால்வைத் திறந்தார்கள். காலிக் குழாய் வெயிலில் 200 டிகிரிக்கு மேல் ஏறியிருக்கும். அதற்குள் பச்சைத் தண்ணீர் இறங்கியதும் 'பட், பட்' என்று வரிசையாக வெடித்தன. பட்டாசுச் சரம் என்று நினைத்துப் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்களாம். நல்ல வேளை, மாடியில் அப்போது ஆள் இல்லை. குழாய் காலியாகிவிட்டது என்று சந்தேகம் வந்தாலே அன்று பொழுது சாய்ந்து நன்றாக ஆறும் வரை தண்ணீர் விடாதீர்கள். முடிந்தால் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள்.

உடையாமலே செத்துப்போன குழாயும் உண்டு. நல்ல குழாயின் அடி நுனி உட்புறம் கண்ணாடி போல வெள்ளி மினுமினுப்பாக இருக்கும். அது பேரியப் பூச்சு. இரண்டு கண்ணாடிச் சுவருக்கு நடுவே வெற்றிடம் போய்க் காற்று புகுந்தால் அது பால் வெள்ளையாகிவிடும். அந்தக் குழாயை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது தடித்த கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, ரப்பர் வளையத்துக்குச் சோப்புத் தண்ணீர். எண்ணெய் தடவினால் வளையம் கெட்டுவிடும். நேராகக் குத்தாமல் லேசாகத் திருகிக்கொண்டே ஏற்ற வேண்டும்.

வெள்ளைத் துகள், துரு, டேங்கில் கசிவு

சிறுவாணித் தண்ணீர் மட்டும் வரும் வீடுகளில் வருடக் கணக்கில் உப்பு தெரியாது. அதே தெருவில் போர் தண்ணீர் விடும் வீட்டில் இரண்டாம் வருடமே குழாய்க்குள் சுண்ணாம்பு கட்டிவிடும். கடினத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாகப் பிரிந்து படியும். இட்லிப் பானையின் அடியில் பார்த்திருப்பீர்கள், அதேதான். தட்டைப் பேனலின் மெல்லிய செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைபடும். கண்ணாடிக் குழாய் அகலம் என்பதால் கொஞ்சம் தாங்கும். போர் தண்ணீர் மட்டுமே உள்ளவர்கள் தட்டைப் பேனல் வாங்குவதாக இருந்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உள்ளதாக வாங்குங்கள், அதில் பேனலுக்குள் வேறு திரவம் ஓடும், போர் தண்ணீர் போகாது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை விடியற்காலையில் ட்ரெயின் வால்வைத் திறந்து, அடியில் படிந்ததை வெளியேற்றி, வெயில் ஏறும் முன்பே நிரப்பிவிடுங்கள். கழிவறை ஆசிடை டேங்கில் ஊற்றுவது பெரிய தப்பு. அதிலுள்ள குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித் துளை போடும். ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. சிட்ரிக் அமிலம் கொண்டு கழுவுவதைப் பழகிய ஆளிடம் விடுங்கள். டேங்கில் மெக்னீசியக் கம்பி இருந்தால் வருடம் ஒரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கை அரிக்க வேண்டியதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு கரைவது அது. பென்சிலைவிட மெலிந்திருந்தால் மாற்ற வேண்டிய காலம்.

தண்ணீர் அளவுக்கு மீறிச் சுடுகிறது

சித்திரை, வைகாசியில் வெந்நீர் செலவு குறையும், வெயில் கூடும். 60 டிகிரி தண்ணீர் ஐந்து விநாடி பட்டாலே ஆழமாக வெந்துவிடும். பிள்ளைகள், வயதானவர்கள் தோல் அதற்கும் முன்பே. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு, அப்புறம்தான் வெந்நீர் விளாவ வேண்டும். வெறும் வெந்நீர் வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பாதீர்கள். கோடையில் பேனலில் பாதியைத் துணி போட்டு மூடிவிடலாம். வெந்நீர் லைன் சாதாரண பி.வி.சி.யாக இருந்தால் வளைந்து தொங்கும், இணைப்பு கழன்றுவிடும். சூடு தாங்கும் சி.பி.வி.சி., பி.பி.ஆர். பிளாஸ்டிக் குழாய் அல்லது ஜி.ஐ. இரும்புக் குழாய்தான் சரி.

ஊட்டி, குன்னூர் பக்கம் கதை வேறு. டிசம்பர், ஜனவரி உறைபனி இரவில் தட்டைப் பேனலின் செம்புக் குழாய்க்குள் தண்ணீர் உறைந்து விரிந்து குழாயைப் பிளந்துவிடும். அங்கே உறையாத திரவம் ஓடும் வகையைத்தான் போட வேண்டும்.

கரன்ட் பில் ஏறுகிறது, அல்லது குழாயைத் தொட்டால் 'சுர்'ரென்கிறது

100 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக சுமார் 4 யூனிட் ஆகும். 2 கிலோவாட் காயில் இரண்டு மணி நேரம் ஓட வேண்டும். சுவிட்சை எப்போதும் போட்டே வைத்தால், இரவில் தண்ணீர் ஆறும்போதெல்லாம் காயில் சூடாக்கிவிடும், காலையில் வரும் சூரியனுக்கு வேலையே இருக்காது. மழை நாளில் குளிக்கப் போகும் முன் போட்டு, குளிக்கும்போது அணைத்துவிடுங்கள். டேங்கில் தண்ணீர் இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாமல் போடவே போடாதீர்கள்.

குழாயைத் தொடும்போது சின்னதாக ஒரு கூச்சம் தெரிந்தாலும் அதை அசட்டை செய்யாதீர்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற இடம் அது. காயிலின் உறை அரித்துக் கரன்ட் தண்ணீரில் கசியும், எர்த்தும் சரியில்லாமல் இருந்தால் உடம்பு வழியாக இறங்கும். கரன்ட் கசிந்தால் தானாக அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால் அது தானாக விழுந்திருக்கும். விழுந்ததை மறுபடி மறுபடி தூக்கிப் போட்டுப் பார்க்க வேண்டாம். எம்.சி.பி.யை அணைத்து, எலக்ட்ரீஷியன் வந்து காயிலையும் எர்த்தையும் சோதித்துச் சொல்லும் வரை வீட்டில் யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி அதன் மேல் ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள்.